சாலையோரத்துப் பந்தி

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற ராஜபாட்டையை உளுந்தூர்பேட்டையில் விட்டுவிட்டு, மேற்கே சேலத்தை நோக்கித் திரும்பினால், தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் முன்னால் வருகிற ஊர் எலவனாசூர்கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கர்நாடகத்துக்காக மல்லுக்கட்டி நின்ற நாட்களில் இவ்வூர்க் கோட்டையும் போரில் அடிபட்டது. இன்றைய பஸ் கண்டக்டர்களோ "எலவனாசூர்! எலவனாசூர்!" என்று மட்டுமே கூவுகிறார்கள். பீரங்கிகள் பாதியில் விட்ட வேலையைக் கண்டக்டர்களின் நாக்கு முடித்துவிட்டது.

கோட்டையைவிடப் பழையது இங்குள்ள சிவன் கோயில். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் இறையானறையூர். சுவாமியின் பெயர் ஊர்ப்பாகம் கொண்டருளிய மகாதேவர். ஊரில் ஒரு பாகத்தைத் தமக்கென்று எடுத்துக்கொண்டவர் என்று பொருள். எவ்வளவு அழகான திருநாமம்! மகாதேவர் ஒரு பாகத்தோடு திருப்தி அடைந்தார். இந்தக் காலத்தில் ஊரில் பாகம் கேட்டு வந்த சாலைக்கு அவ்வளவு திருப்தி இல்லை. சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையை அகலப்படுத்தியபோது வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் வெளியே புறவழிச் சாலை போட்டார்கள். மோட்டார்கள் இப்போது ஊரைத் தொடாமலே ஓடிவிடுகின்றன. புழுதியும் இரைச்சலும் குறைந்தன, அது நன்மைதான். ஆனால் புழுதியோடு சேர்ந்து பசியுள்ள பிரயாணிகளும் போய்விட்டார்கள்.

ஊருக்குள் இருக்கிற சிற்றுண்டிச்சாலைகளை நேயர்கள் மனக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் ஒரு தோசைக்கல். அதன் பின்னால் வீட்டுக்காரர். உள்ளே இட்லிப் பானைக்கு முன்னால் வீட்டு அம்மாள். கல்லாவில் பள்ளிக்கூடத்து விடுமுறைக்கு வந்த பிள்ளை. நாலு பெஞ்சு, நாலு மேஜை. கரும்பு வெட்டப் போகிறவர்கள், மரவள்ளிக்கிழங்கு லாரிகளின் டிரைவர்கள், திருக்கோவலூர் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், இவர்கள்தாம் வாடிக்கைக்காரர்கள். இட்லி மல்லிகைப்பூ என்று நான் புளுகமாட்டேன். ஆனால் சூடாக இருக்கும். சட்னியில் காரம் சற்றுத் தூக்கல். சாம்பாரை இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிப்பதில்லை.

இப்படிப்பட்ட கடையைத் தாண்டிப் போய், உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் பிரதான சாலையில் நிற்கிற பெரிய பெயர்ப் பலகைகளைத் தேடிச் சாப்பிடுகிறது நம்முடைய மத்தியதரக் குடும்பம். ஏன்?

நான் உபாத்தியாயர். பிள்ளைகளை வருஷத்துக்கு ஒருமுறை உல்லாசப் பிரயாணம் அழைத்துச் செல்லுகிற பொறுப்பு எனக்கு உண்டு. புறப்படுவதற்கு முன்னால் பெற்றோர்கள் கேட்கிற கேள்விகளில் முதலாவது, "எந்த ஊருக்கு, ஸார்?" என்பதன்று. "சாப்பாடு எந்த ஹோட்டலில், ஸார்?" என்பதுதான். ஒரு பெயரைச் சொன்னால் தலையசைத்துவிட்டுப் போகிறார்கள். "வழியில் நல்ல கடையாகப் பார்த்து" என்றால் நெற்றி சுருங்குகிறது. பெயர் என்பது இங்கே ருசியைக் குறிப்பது அன்று. குடிக்கிற தண்ணீர், பெண்பிள்ளைகளுக்குச் சுத்தமான கழிவறை, வாந்தி பேதி இல்லாத இரவு, இவை எல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. கடைக்காரரை நமக்குத் தெரியாது, பெயரைத் தெரியும். முன்பின் அறியாதவன் சமைத்ததை நம்பிச் சாப்பிடுவதற்கு நமக்கு ஒரு ஜாமீன் வேண்டியிருக்கிறது.

இந்த ஜாமீனைத் தமிழ்நாட்டில் உண்டாக்கித் தந்தவர்கள் பெரிய கம்பெனிகள் அல்ல, சில குடும்பங்கள். அந்தக் கதை சொல்லத் தகுந்தது.

முற்காலத்தில் பிரயாணிக்குச் சோறு விற்பதென்பதே அத்தனை கௌரவமான காரியமாக இருக்கவில்லை. சோறு போடுவது தர்மம். அதற்குச் சத்திரங்கள் இருந்தன. தஞ்சைச் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டுவித்த முக்தாம்பாள் சத்திரத்தை இன்றும் பார்க்கலாம். காசு கொடுத்து வெளியில் சாப்பிடுகிறவன் வீடில்லாதவன் அல்லது வெட்கமில்லாதவன் என்றே நம் பாட்டிமார் நினைத்தார்கள். ரயில் வந்தது, கச்சேரி உத்தியோகம் வந்தது, காலேஜ் படிப்பு வந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்தில் தனியாகத் தங்கிய குமாஸ்தாக்களும் மாணாக்கர்களும் பெருகினார்கள். காப்பி கிளப்புகள் முளைத்தன.

அந்த நாட்களில் சென்னைக்கு வந்தவர் கிருஷ்ணராவ். தென் கன்னட ஜில்லாவில் கடந்தலே என்ற கிராமத்தில் 1898-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. உடுப்பி மடங்களின் அடுக்களையில் எடுபிடி வேலை செய்து வளர்ந்தார். உடுப்பியில் கிருஷ்ணனுக்கு முறைவைத்துப் பூஜை செய்கிற மடங்கள் எட்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு மடம் பொறுப்பேற்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அன்னம் படைக்கும். ஆயிரம் பேருக்குச் சமைத்தும், உப்பு ஒரு கல் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். இதைவிட நல்ல சமையல் கலாசாலை எந்த தேசத்தில் இருக்கிறது?

சென்னையில் அவர் தொடங்கியது முதலாளியாக அல்ல. பிறர் கடையில் மாவரைத்து, பாத்திரம் தேய்த்துத்தான். அவரை வேலைக்கு வைத்திருந்தவரே ஆச்சாரப்பன் தெருவிலிருந்த ஒரு கடையை எழுநூறு ரூபாய்க்கு அவரிடம் விற்றார். கையில் ரொக்கம் கிடையாது. மாதத் தவணையாகக் கொடுத்துத் தீர்த்தார். பிறகு மவுண்ட் ரோடில் உடுப்பி ஹோட்டல். 1938-ல் ராயப்பேட்டையில் இராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான, மரங்கள் நிறைந்த பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, தங்குவதற்கும் வசதியுள்ள ஹோட்டலாக்கினார். அதுதான் உட்லண்ட்ஸ். இங்கிலீஷ்ப் பெயர், உடுப்பிச் சமையல். சாம்பாருக்குப் பாஷை தெரியுமா என்ன!

அங்கிருந்து அந்தப் பெயர் கிளைவிட்டது. சென்னையில் எட்வர்டு எலியட்ஸ் ரோடு என்று அப்போது வழங்கிய ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. வெளியூர்களிலும் கடல் கடந்த பட்டணங்களிலும் அப்பெயர் தாங்கிய பலகைகள் ஏறின. 1962-ல் கதீட்ரல் ரோடில், விவசாயத் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில் திறந்த 'டிரைவ் இன்' எல்லாவற்றையும்விடப் பிரசித்தி பெற்றது. மரத்தடியில் மோட்டாரை நிறுத்தினால் மசாலா தோசை மோட்டாரைத் தேடி வரும். மோட்டார் இல்லாதவர்கள் உள்ளே உட்காரலாம். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்த வக்கீல்களும் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் அநேகர். எழுந்து போகச் சொல்லி யாரும் விரட்டியதில்லை என்பதே அந்த இடத்தைப் பற்றி அதிகமாகச் சொல்லப்படும் புகழ்ச்சி.

இத்தகைய ஹோட்டல்கள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. வீட்டுப் பெண்களைப் பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்படி செய்தன. 'குடும்ப அறை' என்று திரை போட்ட சிறு தடுப்புகள் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரை நாளாவட்டத்தில் போயிற்று, குடும்பம் நின்றது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. எல்லோரும் வரலாம் என்று கதவு முதலிலேயே அகலத் திறந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது, பெரியார் ஈ.வெ.ரா.வின் இடைவிடாத கண்டனத்துக்குப் பிறகு 1941-ல் அது எடுபட்டது. கடைகளின் வாசலில் 'பிராமணாள்' என்று எழுதி வைத்திருந்த வழக்கம் சுதந்திரம் வந்து பத்து வருஷமாகியும் தொடர்ந்தது. 1957-ல் சென்னையில் அதை எதிர்த்து மறியல் நடந்து, பலர் சிறை சென்றார்கள். நாடு முழுவதற்கும் ஒரே கொடி பறந்த பிறகும் ஒரே பந்தி போட நமக்கு மனம் வரவில்லை. இன்று சாலையோர ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர் என்ன ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. இதைச் சாதாரணமாக எண்ணி நாம் தோசையைப் பிய்க்கிறோம். இது சாதாரணமாக வந்த காரியம் அன்று.

ஒரு குடும்பத்தின் கைமணம் பத்து ஊர்களுக்கு எப்படிப் போகிறது? முதலில் உறவினர் மூலமாகத்தான் போயிற்று. தம்பி ஒரு கிளையைப் பார்ப்பார், மைத்துனர் மற்றொன்றை. ஊரிலிருந்து வந்த பையன் மாவரைப்பான், பரிமாறுவான், கல்லாவில் உட்காருவான். பத்து வருஷத்தில் தனிக்கடை வைப்பான். எழுதிவைத்த பக்குவம் கிடையாது. பார்த்துப் பழகியதுதான் பக்குவம். இப்படிப் போனால் ஆள் பழகுகிற வேகத்துக்கு மேல் கடை பெருக முடியாது. முட்டுக்கட்டையாக நின்றது ஆட்டுக்கல். மூன்று பேர் விடியுமுன் எழுந்து தோள் வலிக்க ஆட்டினால்தான் காலையில் இட்லி. 1955-ம் வருஷத்தை ஒட்டிக் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். கையின் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. பெரிய ஹோட்டல்களின் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலாளிகளின் சாமர்த்தியத்தைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அதில் கால் பங்காவது இந்தக் கிரைண்டருக்குச் சேர வேண்டும். பிறகு மசாலைப் பொடியையும் இனிப்பையும் ஒரே மத்திய அடுக்களையில் செய்து கிளைகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு வந்தது. ருசி ஒரே மாதிரி ஆயிற்று. தண்ணீர் மட்டும் அந்தந்த ஊர்த் தண்ணீர். அதனால்தான் எத்தனை முயன்றாலும் ஓர் ஊர்க் காப்பி மற்றோர் ஊர்க் காப்பி ஆவதில்லை.

நெடுஞ்சாலையில் இப்பொழுது அதிகமாகக் கண்ணில் படுகிற பெயர்களில் ஒன்று அடையாறு ஆனந்த பவன். அதன் ஸ்தாபகர் திருப்பதி ராஜா ராஜபாளையத்துக்காரர். மிட்டாய்க் கடையில் தொடங்கியவர். சென்னையில் 1979-ல் வண்ணாரப்பேட்டையிலும், 1988-ல் அடையாற்றிலும் கடை வைத்தார். புதல்வர்கள் காலத்தில் இனிப்புக் கடையோடு உணவு விடுதியும் சேர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட கிளைகளாகப் பரந்தது. மிட்டாய்க்காரருக்கு ஒரு லாபம் உண்டு: சாப்பிட்டு எழுந்தவர் வெறுங்கையோடு போவதில்லை. உறவினர் வீட்டுக்குப் போகிற குடும்பம் கைமுறுக்கோ மைசூர்ப்பாகோ வாங்கத்தானே வேண்டும்? சாலையோரத்தில் நிறுத்துகிற பத்து நிமிஷம் இரண்டு வியாபாரம் ஆகிறது.

புலால் உண்பவர்களின் பக்கத்திலும் இதே கதைதான். திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்று தொடங்கினார். சீரகச் சம்பா அரிசியில் சமைத்தார். எப்போதும் தலைப்பாகையோடு இருப்பார். ஜனங்கள் பலகையிலிருந்த பெயரை விட்டுத் 'தலப்பாக்கட்டி' என்றார்கள். பேரர்கள் காலத்தில் அது பெரிய ஸ்தாபனமாயிற்று. ஆனால் ஜனங்கள் வைத்த பெயர் அல்லவா? ஆளுக்கொருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கடைசியில், இந்தப் பெயர் எங்கள் தாத்தாவின் தலையிலிருந்தது என்று குடும்பத்தார் கோர்ட்டுக்குப் போய் வழக்காட வேண்டியதாயிற்று. முதலாமவர் சம்பாதித்தது அரிசியையும் ஆட்டுக்கறியையும் வைத்து. மூன்றாம் தலைமுறை காக்க வேண்டியிருந்ததோ ஒரு சொல்லை!

சொல்லை விற்கவும் செய்யலாம். பெங்களூரில் 1924-ல் மையா சகோதரர்கள் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் இரண்டாவது உலக யுத்தத்தில் அரிசி கிடைக்காதபோது ரவையில் இட்லி செய்து பெயர் வாங்கியது. 1975-ல் நெருக்கடி நிலைமையின்போது சர்க்கார் விலையைக் கட்டாயமாகக் குறைத்தது. தரத்தைக் குறைத்து விற்பதைவிடக் கடையை மூடுவது மேல் என்று மூடிவிட்டார்கள். பல வருஷங்கள் கழித்தே திறந்தார்கள். இடையில் வயிறு வளர்த்தது பொட்டலத்தில் அடைத்த மசாலையும் மாவும். அந்தப் பொட்டல வியாபாரத்தை 2007-ல் நார்வே தேசத்துக் கம்பெனிக்கு விற்றார்கள். சாப்பாட்டுக் கடை குடும்பத்திடமே நின்றது. எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று அறிந்திருந்தார்கள்.

உட்லண்ட்ஸுக்கு வந்த சோதனை வேறுவகை. டிரைவ் இன் இருந்த நிலம் குடும்பத்தினுடையது அன்று. நிலம் சர்க்கார் வசம் திரும்பியபோது, 2008-ல், நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு அடுப்பு அணைந்தது. அங்கே செம்மொழிப் பூங்கா 2010-ல் எழுந்தது. மரங்கள் பல இன்றும் நிற்கின்றன. கிருஷ்ணராவ் 1990-லேயே காலமாகிவிட்டார். நியூ உட்லண்ட்ஸ் நடந்துகொண்டிருக்கிறது. நல்ல பெயர், நல்ல சமையல், கூட்டத்துக்குக் குறைவில்லை. இருந்தும், காலடி மண் பிறருடையதானால் அடுக்களை ஒரு நாள் நகரத்தான் வேண்டியிருக்கிறது.

இதை எண்ணும்போதுதான் எலவனாசூர்கோட்டைச் சிற்றுண்டிச்சாலைக்காரரின் நிலைமை எனக்கு உறைக்கிறது. அவருக்கு இடம் சொந்தம், சாலைதான் நகர்ந்துவிட்டது. பெயர்ப் பலகைக்காரர்கள் சாலை எங்கே போகிறதோ அங்கே போக முடியும். புறவழிச் சாலை ஓரத்தில் ஏக்கர் கணக்கில் இடமும், கார் நிறுத்த மைதானமும், இருபது கழிவறைகளும் போட அவர்களிடம் முதல் இருக்கிறது. நாலு பெஞ்சுக்காரர் எங்கே போவார்?

அவருடைய பிள்ளைகள் போகிறார்கள். இந்தப் பக்கத்து இளைஞர்கள் அநேகர் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை தேடிக்கொண்டவர்கள். பெரிய ஹோட்டல்களில் தோசைக்கல்லின் முன்னால் நிற்கிறவர்களிலும் இவர்கள் உண்டு. அதே ஹோட்டல்களில் இப்போது பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பையன்கள் சாம்பார் ஊற்றுகிறார்கள். கடந்தலேயிலிருந்து பாஷை தெரியாமல் சென்னைக்கு வந்து மாவரைத்த பையனைப் போன்றவர்கள்தாம் இவர்களும். வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து முதலாளி தம் கடையைத் தவணைக்கு விற்கக்கூடியவராக இருந்தார். பையனும் பத்து வருஷ உழைப்பில் வாங்கக்கூடியவனாக இருந்தான். மத்திய அடுக்களையில் பொட்டலமாய் வருகிற மசாலையைக் கொட்டிக் கலக்குகிறவனுக்கு, பத்து வருஷம் கழித்தும் சமையல் தெரிந்திருக்குமா? தெரிந்தாலும் எழுநூறு ரூபாய்க் கடை எங்கே கிடைக்கும்? சுத்தத்தையும் ஒழுங்கையும் நமக்குத் தந்த குடும்பங்கள், அவர்கள் ஏறிவந்த ஏணியை வேண்டுமென்று எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏணி இப்போது அங்கே இல்லை என்பதைத்தான் சொல்லுகிறேன்.

சிறிய கடைகளின் பேரில் குற்றமில்லை என்பதும் என் கட்சி அன்று. கை கழுவுகிற இடம், குடிதண்ணீர்ப் பானையின் மூடி, பெண்களுக்கு ஒதுங்க இடம், இந்த மூன்றிலும் அவர்கள் மெத்தனமாக இருக்கிறார்கள். பெரிய முதல் வேண்டியதில்லாத காரியங்கள் இவை. ஊராட்சியார் பஸ் நிற்கிற இடத்தில் நல்ல கழிவறை ஒன்றைக் கட்டி, நாள்தோறும் கழுவ ஆளும் போட்டால், அந்தத் தெருவிலுள்ள கடைகள் அத்தனைக்கும் பாதி ஜாமீன் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு இட்லி இருக்கிறது. கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. கலெக்டர் இருப்பது இப்போது விழுப்புரத்தில் அன்று, அருகிலேயேதான். கேட்டால் காதில் விழாமலா போகும்?

கல்வராயன் மலைக்கோ, கோமுகி அணைக்கோ குடும்பத்தோடு இந்த வழியாகப் போகிற நேயர்கள், புறவழிச் சாலை பிரிகிற இடத்தில் ஊருக்குள் திரும்பினால் கால் மணி நேரம்தான் அதிகம் ஆகும். கோயிலையும் பார்த்துவிடலாம். காலையிலேயே போய்விடுவது உத்தமம். ஒன்பது மணிக்கு மேல் இட்லிப் பானையை இறக்கிவிடுவார்கள்.